உயிலில் எழுதும் கொடையும் உயிரோடு கொடுக்கும் கொடையும்

என் பெரியம்மா தம் உயிலில் மூன்று அறநிறுவனங்களுக்குப் பணம் எழுதி வைத்து, அந்த உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தார். என் தாய்மாமா இதில் அவருக்கு நேர் எதிரானவர். கொடுக்க நினைத்ததைக் கண்ணெதிரே கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கிய பிறகு அந்தக் கொடைகளுக்குக் கணக்கு எழுதும் வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது. இப்படி இரண்டு வகைக் கொடைகளையும் காகிதங்களோடும் ரசீதுகளோடும் மனத்தாங்கல்களோடும் அருகிலிருந்து பார்த்ததால், எது மேல் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போது ஒரே விடைதான் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் பெயரை உயிலில் எழுத நினைப்பவர், முதலில் அதே நிறுவனத்துக்குத் தம் கையால் ஒரு சிறு தொகையாவது கொடுத்து, அந்தப் பணம் அங்கே என்ன ஆகிறது என்பதைச் சில ஆண்டுகள் கவனித்துவிட வேண்டும்.

பெரியம்மா திருமணம் செய்துகொள்ளாதவர். ஓர் அலுவலகத்தில் சுருக்கெழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தம் உயிலைத் தாமே அழகாகத் தட்டச்சு செய்து, இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் கையெழுத்திட்டு, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சுருக்கொப்பமும் இட்டிருந்தார். சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை என்று வழக்கறிஞர் முதல் பார்வையிலேயே சொல்லிவிட்டார். ஆனால் சட்டப்படி செல்லுபடியாகும் உயில் வேறு, நடைமுறையில் நிறைவேற்றக்கூடிய உயில் வேறு என்பதை அடுத்து வந்த மாதங்களில் விளங்கிக்கொண்டோம். அவர் அதை எழுதியதற்கும் காலமானதற்கும் இடையில் பல ஆண்டுகள் ஓடியிருந்தன. அந்த ஆண்டுகளில் உலகம் மாறியது. உயிலின் வாசகம் எழுதியபடியே இருந்தது.

முதல் கொடை பார்வையற்ற குழந்தைகளுக்கான ஓர் இல்லத்துக்கு. உயிலில் அந்த இல்லத்தை ஊரார் அழைக்கும் பெயரைத்தான் எழுதியிருந்தாரே தவிர, பதிவுப் பெயரையோ பதிவு எண்ணையோ முகவரியையோ எழுதவில்லை. விசாரித்தபோது, ஏறக்குறைய அதே பெயரில் இரண்டு இல்லங்கள் இயங்குவது தெரிந்தது. இரண்டும் நல்ல முறையில் நடப்பவை. அந்தப் பணம் தங்களுக்கே உரியது என்று இரண்டும் உண்மையாகவே நம்பின. பெரியம்மாவின் இரும்பு அலமாரியில், வருமான வரிக் காகிதங்களுக்கு அடியில், ரப்பர் பட்டையால் கட்டிய ஒரு சிறு கட்டு கிடைத்தது. அவர் எப்போதோ அந்த இல்லங்களில் ஒன்றுக்கு அனுப்பிய சிறு தொகைகளுக்கான ரசீதுகள் அவை. ரசீதின் தலைப்பில் பதிவு எண் அச்சாகியிருந்தது. ஓரத்தில் அவருடைய பென்சில் எழுத்தில் நாள் குறித்திருந்தது. அந்த ரசீதுகளை முன்வைத்துத்தான் வழக்கறிஞர் மற்ற இல்லத்தின் நிர்வாகத்தைச் சமாதானப்படுத்தினார். அவர் உயிரோடு இருந்தபோது கொடுத்த சிறு கொடைகளே அவர் உயிலில் எழுதிய பெரிய கொடைக்குச் சாட்சி சொன்னன என்று அன்று எனக்குத் தோன்றியது. அந்தக் கட்டு இல்லாமல் போயிருந்தால் நீதிமன்றம்தான் முடிவு செய்திருக்க வேண்டும். அந்தச் செலவும் கொடையாகப் போக வேண்டிய பணத்திலிருந்தே போயிருக்கும்.

இரண்டாவது கொடைக்குரிய வாசகசாலை தனி அமைப்பாக இப்போது இல்லை. அதைவிடப் பெரிய ஓர் அறக்கட்டளையோடு இணைந்துவிட்டிருந்தது. "இந்த நிறுவனமோ, இது இணைந்து போயிருந்தால் இதன் பணிகளைத் தொடரும் நிறுவனமோ" என்று ஒரு தொடரைச் சேர்த்திருந்தால் காசோலை எழுதுவதோடு வேலை முடிந்திருக்கும். அத்தொடர் இல்லாததால், இணைப்பு ஆவணங்களைக் கேட்டு வாங்கி, பழைய அமைப்பின் உரிமைகளும் கடமைகளும் புதிய அமைப்புக்குச் சட்டப்படி மாறியிருக்கின்றனவா என்று வரிக்கு வரி பார்க்க வேண்டியதாயிற்று. மாறியிருந்தன என்பது எங்கள் நல்ல காலம்.

மூன்றாவது கொடைதான் எங்களை உண்மையிலேயே திகைக்க வைத்தது. சுருக்கெழுத்துப் பயிலும் ஏழைப் பெண்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்க ஒரு பயிற்சி நிலையத்துக்கு அவர் பணம் எழுதியிருந்தார். தம்மை வாழவைத்த தொழிலுக்கு அவர் செலுத்த விரும்பிய நன்றி அது. அந்த நிலையமோ சுருக்கெழுத்து வகுப்பை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது. கேட்டு வருவதற்கு மாணவிகளே இல்லை என்றார் அதன் பொறுப்பாளர். வேறு தொழிற்பயிற்சிக்கு அந்தத் தொகையைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்பதுதான் பெரியம்மாவின் மனமாக இருந்திருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்களுக்குத் தெரிந்திருப்பது உயிலில் எழுதியிருப்பதற்கு ஈடாகாது. கொடையாளர் குறித்த நோக்கம் நிறைவேற முடியாததாகிவிட்டால், அதற்கு மிக நெருக்கமான வேறொரு நோக்கத்துக்குப் பணத்தைத் திருப்ப நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம் என்னும் கோட்பாடு பல நாடுகளின் அறக்கட்டளைச் சட்டங்களில் உண்டு. அந்த வழியில்தான் நாங்களும் போனோம். பணம் கடைசியில் பெண்களுக்கான கணக்கியல் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை அது வங்கியில் சும்மா கிடந்தது.

புகழ்பெற்ற மனிதர்களின் உயில்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. 1790 இல் காலமான பெஞ்சமின் பிராங்க்ளின், பாஸ்டன், பிலடெல்பியா ஆகிய இரு நகரங்களுக்கும் தலா 1,000 பவுண்டு எழுதிவைத்தார். தொழில் பழகி முடித்த இளம் கைவினைஞர்களுக்கு அதைக் குறைந்த வட்டியில் கடனாகக் கொடுத்து, வட்டியையும் முதலோடு சேர்த்து 200 ஆண்டுகள் வளர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. பணம் வளர்ந்தது, 1990 இல் பாஸ்டன் நிதி சுமார் 50 லட்சம் டாலராகவும் பிலடெல்பியா நிதி சுமார் 20 லட்சம் டாலராகவும் இருந்தன. ஆனால் தொழிற்சாலைகள் பெருகி, ஆசானிடம் தங்கித் தொழில் பழகும் முறையே மறைந்துவிட்டதால், அவர் மனத்தில் வைத்திருந்த கடனாளிகள் இடையிலேயே இல்லாமல் போய்விட்டார்கள். வருங்காலத்தைக் கணிப்பதில் பிராங்க்ளினுக்கே இந்த நிலை என்றால், சுருக்கெழுத்து அழியாது என்று நம்பிய என் பெரியம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தாமதத்துக்கும் பெரிய சான்றுகள் உண்டு. பச்சையப்ப முதலியார் 1794 இல் உயில் எழுதிவைத்துவிட்டு அதே ஆண்டு காலமானார். அவர் எண்ணியது பெரும்பாலும் கோயில் சார்ந்த அறங்களை. அந்தச் சொத்து வழக்குகளிலும் முறைகேடுகளிலும் பல பத்தாண்டுகள் சிக்கிக் கிடந்து, பின்னர் நீதிமன்றத்தின் தலையீட்டால் மீட்கப்பட்டது. சேர்ந்திருந்த உபரியைக் கொண்டு அவர் பெயரிலான பள்ளி சென்னையில் தொடங்கியபோது ஆண்டு 1842. ஆல்ஃபிரட் நோபல் தம் கடைசி உயிலை வழக்கறிஞரின் துணையின்றித் தாமே எழுதி, 1895 நவம்பர் 27 அன்று பாரிஸில் கையெழுத்திட்டார். பரிசுக்குரியவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிறுவனங்களின் ஒப்புதலை அவர் முன்கூட்டிப் பெற்றிருக்கவில்லை. பணத்தை வைத்து நிர்வகிக்க வேண்டிய அமைப்பும் அப்போது உருவாகியிருக்கவில்லை. உறவினர்களில் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1896 டிசம்பரில் அவர் காலமான பிறகு, உயிலை நிறைவேற்றும் பொறுப்பிலிருந்த ராக்னர் சூல்மன் என்னும் இளம் பொறியாளர் அலைந்து திரிந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியதால்தான் 1901 இல் முதல் பரிசுகளை வழங்க முடிந்தது. நோபலின் பெயரை உலகம் சொல்கிறது. சூல்மனின் பெயரைச் சொல்வோர் குறைவு. உயிலை நிறைவேற்றும் வேலையைச் செய்தவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் தனிப்பட்ட மரியாதை உண்டு.

நிறுவனங்களின் கதையைவிட எங்கள் குடும்பத்துக்குள் நடந்ததுதான் அதிகம் வலித்தது. பெரியம்மா மூன்று நிறுவனங்களுக்கும் குறிப்பிட்ட தொகைகளை எழுதிவிட்டு, "எஞ்சிய சொத்து முழுவதும்" என் சித்தி மகளுக்கு என்று முடித்திருந்தார். அவருடைய இறுதிக் காலத்தில் உடனிருந்து, மருந்து கொடுத்து, குளிப்பாட்டி, இரவெல்லாம் விழித்துப் பார்த்துக்கொண்டவள் அந்தத் தங்கைதான். உயில் எழுதிய நாளில் இருந்த சேமிப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால், மூன்று தொகைகளும் போக அவளுக்குப் பெரும் பங்கு மிஞ்ச வேண்டும். பெரியம்மாவின் எண்ணமும் அதுவே. ஆனால் நீண்ட நோய் அந்தச் சேமிப்பைக் கரைத்துவிட்டது. பொதுவான சட்ட வரிசை இதுதான்: முதலில் கடன்களும் மருத்துவமனை பாக்கியும் இறுதிச் செலவுகளும், அடுத்துப் பெயர் குறித்து எழுதிய தொகைகள், எல்லாம் கொடுத்து முடித்த பிறகு மிஞ்சுவதே எஞ்சிய சொத்து. ஆகவே நிறுவனங்களுக்கு எழுதிய தொகை ஒரு காசும் குறையாமல் போய்ச் சேர, குறைவு முழுவதும் தங்கையின் தலையில் விழுந்தது. அவள் அதற்காக வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளுடைய கணவர் பேசினார். அவர் பேசியதில் நியாயம் இல்லையென்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இதற்குத் தீர்வு மிக எளிதானது. தொகையை எழுதாமல் பங்கை எழுதினால் போதும். "கடன்களும் செலவுகளும் போக எஞ்சுவதில் பத்தில் ஒரு பங்கு இன்ன நிறுவனத்துக்கு" என்று எழுதிவிட்டால், சொத்து வளர்ந்தால் எல்லோருக்கும் வளரும், சுருங்கினால் எல்லோருக்கும் சேர்ந்து சுருங்கும். விலைவாசி ஏறும்போது, முன்பு பெரிதாகத் தோன்றிய தொகை பிறகு அற்பமாகிவிடும் குறையும் இதனால் நீங்கும். கண்டிப்பாகத் தொகையாகத்தான் எழுத வேண்டும் என்று ஒருவர் விரும்பினால், "மொத்தச் சொத்தில் இத்தனை சதவீதத்தைத் தாண்டாத வகையில்" என்று ஓர் உச்சவரம்பையாவது சேர்க்க வேண்டும். உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கு உரியதை மட்டும் எஞ்சிய சொத்தில் வைக்காமல், முதல் வரிசையிலேயே தொகையாக எழுதிவிடுவது என் கருத்தில் அறத்தின் முதல் படி.

மாமாவின் கதைக்கு வருகிறேன். செவித்திறன் குறைந்த குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு உதவ வேண்டும் என்று அவர் முடிவு செய்தபோது, அவர் மனத்தில் இருந்தது கணினி அறை. பெயர்ப்பலகை வைக்கும் ஆசை அவருக்கு இல்லை; ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. தலைமையாசிரியை அவரை உட்காரவைத்து, சற்றுத் தயங்கிவிட்டு, ஓர் அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே சிறு பெட்டிகளில் காதொலிக் கருவிகள் அடுக்கியிருந்தன; எல்லாம் முன்பு யார் யாரோ நன்கொடையாகக் கொடுத்தவை. கருவி வாங்கிக் கொடுக்கப் பலர் வருகிறார்கள் ஐயா, அதற்கு பேட்டரி மாற்றுவதற்கு யாரும் வருவதில்லை என்றார் அவர். இன்னொன்றும் சொன்னார்: கருவியைக் காதோடு பொருத்தும் அச்சு, குழந்தை வளர வளரச் சிறிதாகிவிடும், அது சரியாகப் பொருந்தாவிட்டால் கருவி கீச்சிடும், குழந்தை அதைக் கழற்றி வைத்துவிடும். புதிய அச்சு எடுத்துக் கொடுக்கப் பணம் இல்லாததால் நல்ல கருவிகள் அலமாரிக்குள் கிடந்தன.

மாமா கணினி அறையைக் கைவிட்டார். பேட்டரிக்கும் காது அச்சுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை, பேச்சுப் பயிற்சி தரும் ஆசிரியைக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி என்று கொடையை மாற்றிக்கொண்டார். பிறகு அரசுத் திட்டம் ஒன்றின் மூலம் பேட்டரி கிடைக்கத் தொடங்கியதும், அந்தப் பங்கையும் ஆசிரியையின் சம்பளத்துக்கே திருப்பினார். இதே மாமா உயிலில் "கணினி அறை அமைக்க" என்று எழுதிவிட்டுப் போயிருந்தால், அந்தப் பள்ளியில் இன்று தூசி படிந்த கணினிகள் இருந்திருக்கும்; அலமாரியும் திறந்தபாடில்லை. உயிரோடு கொடுப்பவர் கேட்கலாம், தவறான யோசனையைக் கைவிடலாம், தேவை மாறும்போது தாமும் மாறலாம். வேறோர் அமைப்புக்கு அவர் கொடுத்து வந்ததை நிறுத்தவும் செய்தார். ஆண்டு முடிந்து கணக்குக் கேட்டபோது நன்றிக் கடிதமும் நாள்காட்டியும் வந்தன; கணக்கு வரவில்லை. இரண்டாம் முறை கேட்டும் வராததால், சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார். இறந்தவரால் இதைச் செய்ய முடியாது.

அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "உயிலில் கொடுக்கிறவன் தன் பணத்தைக் கொடுக்கவில்லை, பிள்ளைகளின் பணத்தைக் கொடுக்கிறான்." கேட்க நன்றாக இருந்தாலும், இதை நான் பாதிதான் ஏற்றுக்கொள்கிறேன். பெரும்பாலானோரின் சொத்து குடியிருக்கும் வீடும், முதுமைக்கென்று வைத்திருக்கும் வைப்புத்தொகையும்தான். எத்தனை ஆண்டு வாழ்வோம், எந்த நோய் வரும், எவ்வளவு செலவாகும் என்று எவருக்கும் தெரியாதபோது, அந்த இரண்டையும் உயிரோடு இருக்கும்போதே கொடுக்கச் சொல்வது அறிவுரை ஆகாது. ஓய்வூதியம் உள்ளவர், பிள்ளைகள் தனித்து நிற்கத் தொடங்கிவிட்டவர், மாமாவைப் போல் உடல் வலு உள்ளவர் கொடுக்கலாம். பெரியம்மாவைப் போல் தனித்து வாழ்ந்தவருக்கு உயில்தான் ஒரே பாதுகாப்பான வழி. உயிலை மன நலத்தோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கொடுத்து ஒப்படைத்த சொத்தை விரும்பியபடி திரும்பக் கேட்க முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்தாமல் யாரும் தானப் பத்திரத்தில் கையெழுத்திடக் கூடாது.

எங்கள் குடும்ப நண்பர் ஒருவர் அப்படிக் கையெழுத்திட்டார். மனைவியை இழந்தபின், தம் வீட்டை ஓர் அமைப்புக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். கடைசிவரை அந்த வீட்டின் மாடியில் தங்கிக்கொள்ளலாம், சாப்பாடும் பார்த்துக்கொள்வோம் என்பது வாய்ப்பேச்சு. நிர்வாகம் கைமாறியது, புதியவர்கள் கெட்டவர்கள் அல்லர், அவர்களுக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது. தாம் கட்டிய வீட்டில் அவர் விருந்தாளியைப் போல அனுமதி கேட்டுக்கொண்டு வாழ்ந்தார். வீட்டைக் கொடுத்தே தீர வேண்டுமானால், வாழ்நாள் முழுவதும் குடியிருக்கும் உரிமையை அதே பத்திரத்தில் எழுதி வைக்க வேண்டும். இல்லையேல் உயிலில் எழுதுவதே மேல். உயிலில் எழுதினாலும், அந்த நிறுவனம் வீட்டை ஏற்குமா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது. குடியிருப்பவரோடு வழக்கு உள்ள வீட்டையோ, பலருக்குப் பங்குள்ள நிலத்தையோ பல நிறுவனங்கள் ஏற்றுக்கொள்வதில்லை.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கொடையின் காரணம் வரியாக இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். உயிரோடு கொடுக்கும் கொடைக்குப் பல நாடுகளில் வருமான வரிச் சலுகை உண்டு. ரசீது முறையாக இருக்க வேண்டும். உயில் கொடைக்குச் சலுகை உண்டா என்பது அந்த நாட்டில் வாரிசுரிமை வரி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் 2012 முதல், வரிக்குரிய நிகரச் சொத்தில் 10 சதவீதமாவது அறநிறுவனங்களுக்கு எழுதியிருந்தால் மீதிக்கான வரி விகிதம் 40 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாகக் குறைகிறது. இந்தியாவிலோ அந்த வகை வரி 1985 இல் நீக்கப்பட்டுவிட்டதால், உயிலில் கொடுப்பதற்கென்று தனி வரி லாபம் எதுவும் கிடையாது.

உயிரோடு கொடுப்பதன் மிகப் பெரிய பயன் கொடுப்பவருக்கே கிடைக்கிறது என்பதை மாமாவிடம் பார்த்தேன். அமெரிக்க வணிகர் சக் ஃபீனி, 1982 இல் தொடங்கிய தம் அறக்கட்டளை வழியாகச் சுமார் 800 கோடி டாலரைப் பெரும்பாலும் பெயர் வெளியே தெரியாமல் கொடுத்து முடித்து, 2020 இல் அந்த அறக்கட்டளையையே மூடிவிட்டு, 2023 இல் காலமானார். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 இல் அதற்கு அடிக்கல் நாட்டியதையும் 1953 இல் அது திறக்கப்பட்டதையும் கண்ட பிறகே, 1957 இல் காலமானார். பச்சையப்பருக்குக் கிடைக்காதது இதுதான். எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்கு இந்த அளவுகள் பொருந்தா; ஆனாலும் அச்சு மாற்றிய குழந்தை தன் பெயரை உரக்கச் சொல்லக் கேட்ட அன்று மாமாவின் முகத்தைப் பார்த்தவன் நான். இன்னொன்று, அவருடைய பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறார்கள். ஆகையால் அவர் உயிலில் அந்தப் பள்ளியின் பெயர் இருப்பது அவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்காது. பெரியம்மாவின் உயிலைப் பிரித்துப் படித்த அன்றுதான் அந்த மூன்று பெயர்களை நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம். வாரிசுகள் கொடையை எதிர்ப்பதற்குப் பேராசைதான் காரணம் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பல நேரங்களில் உண்மைக் காரணம், தங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற மனக்குறை. அல்லது கடைசிக் காலத்தில் யாரோ பெரியவரைப் பேசி மயக்கிவிட்டார்களோ என்ற ஐயம். பத்து ஆண்டுகளாகக் கொடுத்து வந்த இடத்துக்கே உயிலிலும் எழுதியிருந்தால் அந்த ஐயம் எழவே வழியில்லை.

இப்போது மாமாவும் உயில் எழுதியிருக்கிறார். கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டாலும், எல்லாவற்றையும் உயிரோடு கொடுத்து முடிக்க முடியாது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். அத்தைக்குத் தேவையானது முதலில், அதன்பின் பிள்ளைகளுக்கு, எஞ்சியதில் ஒரு பங்கு பள்ளிக்கு. பள்ளியின் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி மூன்றையும் ரசீதிலிருந்து பார்த்து எழுதினோம். "பள்ளியின் பொதுச் செலவுகளுக்கு" என்று மட்டும் எழுதி, பேட்டரி, சம்பளம் ஆகியவற்றை உயிலில் குறிப்பிடாமல் விட்டோம். அவற்றைப் பற்றிய தம் விருப்பங்களைத் தனிக் கடிதமாக எழுதி உயிலோடு வைத்திருக்கிறார். அந்தக் கடிதம் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் அவர் மனத்தைச் சொல்லும். பள்ளி இணைந்தாலோ மூடப்பட்டாலோ, செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்குப் பணி செய்யும் வேறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை நிறைவேற்றுபவருக்குக் கொடுத்திருக்கிறார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் உயிலால் எந்தப் பயனும் அடையாதவர்கள். பயன் பெறுபவர் சாட்சியாக இருந்தால் அவருக்கு எழுதியது செல்லாது என்று சொல்லும் சட்டங்கள் பல நாடுகளில் இருப்பதால், பள்ளியின் ஊழியர் யாரையும் அன்று அழைக்கவில்லை. வங்கிக் கணக்குகளிலும் காப்பீட்டிலும் உள்ள நாமினி பெயர்கள் உயிலோடு முரண்படவில்லையா என்பதையும் அன்றே சரிபார்த்தோம். நாமினிக்கும் உயிலில் பெயர் உள்ளவருக்கும் இடையில் யாருக்கு உரிமை என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இரண்டு பெயரும் ஒன்றாக இருந்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

உயிலை நிறைவேற்றுபவராகத் தம்மைவிட இளையவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரிடம் சம்மதம் கேட்டு, மாற்றாக இன்னொருவர் பெயரையும் எழுதுவது அவசியம். மாமா தம் மூத்த மகளை எழுதியிருக்கிறார். மாற்று என் பெயர். கடன்களும் மருத்துவச் செலவுகளும் முழுதாகத் தெரியும்வரை எந்த நிறுவனத்துக்கும் பணத்தைக் கொடுத்துவிடாதே, கொடுத்துவிட்டுப் பிறகு பற்றாக்குறை வந்தால் பொறுப்பு உன் மேல் வரும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதேபோல், உயிலில் உன் பெயர் இருக்கிறது, சற்றுக் காலம் ஆகும் என்று நிறுவனத்துக்கு முதலிலேயே ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும். பெரியம்மாவின் விவகாரத்தில் அந்த ஒரு கடிதம் பல தொலைபேசி அழைப்புகளை மிச்சப்படுத்தியது. அடுத்த முறை மாமா பள்ளிக்குப் போகும்போது அவளையும் உடன் அழைத்துச் சென்று, கணக்கு எழுதும் அலுவலரையும் தலைமையாசிரியையையும் அறிமுகம் செய்துவைப்பதாக இருக்கிறார். பணத்தை ஒப்படைக்கப் போகிறவளுக்கு, அதை யாரிடம் ஒப்படைக்க வேண்டும், பிறகு யாரிடம் கணக்குக் கேட்க வேண்டும் என்பது அவர் இருக்கும்போதே தெரிந்துவிடும்.